ஒரே தையல் மெஷினில் ஆறு பேர்

ஒரு வாக்கியத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. அதை எழுதியவள் நான்தான். "நகருக்கு இடம்பெயர்ந்து வருவோர் இளம் வயதில் வருகிறார்கள், சந்தா கட்டுகிறார்கள், ஓய்வூதியம் கேட்காமலே வெளியேறிவிடுகிறார்கள். எனவே வரவு கூடக் கூட நிதிக்கு நலம்."

படித்துப் பாருங்கள். இலக்கணம் சரி. அதற்கு ஆதாரமாக இருந்த அட்டவணையின் கூட்டல் கழித்தலும் சரி. இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் என்னிடம் சூத்திரம் எதுவும் கேட்கவில்லை. அதையெல்லாம் உங்கள் கம்ப்யூட்டர் என்னைவிட நன்றாகச் சொல்லித் தரும். அந்த வாக்கியம் என்ன செய்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

நான் கோலார் தங்கவயல்காரி. அப்பா சுரங்கத்தில் இறங்கியவர். புள்ளியியல் படித்துவிட்டு 1991-இல் பெங்களூருக்கு வந்து, பத்துப் பேர்கூட இல்லாத ஓர் ஆலோசனை அலுவலகத்தில் சேர்ந்தேன். பென்ஷன் நிதிகளுக்கு எதிர்காலக் கணக்குப் போட்டுத் தருவது எங்கள் தொழில். இத்தனை பேர் இன்று சந்தா கட்டுகிறார்கள், இருபது வருஷம் கழித்து இத்தனை பேர் கையேந்தி நிற்பார்கள், அன்றைக்குப் பெட்டியில் இருக்குமா இருக்காதா என்று சொல்ல வேண்டும். தலைமைக் கணிப்பாளரை நாங்கள் சீஃப் என்போம். ரிச்சர்ட்ஸ் டவுனில் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பம் அவருடையது. வெயில் காலத்திலும் டை கட்டி வருவார். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு பென்ஷன் நிதியின் மேற்பார்வைக் குழு எங்களிடம் ஒரு கேள்வியோடு வந்தது. ஊரும் பெயரும் வேண்டாம். வெளியூரிலிருந்து ஆட்கள் பெங்களூருக்கு வந்துகொண்டே இருக்கிறார்கள், இந்த வரவு குறைந்தால் நிதி என்ன ஆகும், கூடினால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. மாதிரிக்காக ஓசூர் ரோட்டிலும் பொம்மனஹள்ளியிலும் இருந்த தையல் ஆலைகளின் சந்தாதாரர் பட்டியலைத் தந்தார்கள்.

பட்டியலைப் பார்த்ததும் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. பத்து வருஷம் சந்தா கட்டியவருக்குத்தான் பென்ஷன். குறைவாகக் கட்டியவர், கட்டியதற்கு ஒரு தொகையைத் திரும்பக் கேட்டு வாங்கலாம். இந்தப் பெண்களோ இரண்டு வருஷம் கட்டினார்கள், நின்றார்கள், திரும்பக் கேட்கவும் இல்லை. அவர்கள் இடத்துக்கு அடுத்த வரிசை வந்தது, அதுவும் இரண்டு வருஷம் கட்டியது, நின்றது. வரவு குறைவு, நடுத்தரம், அதிகம் என்று மூன்று கணக்குப் போட்டேன். 'அதிகம்' என்ற கணக்கில் நிதி பூத்துக் குலுங்கியது. அந்த மகிழ்ச்சியில்தான் அந்த வாக்கியத்தை எழுதினேன்.

சீஃப் வரைவைப் படித்துவிட்டு ஒரே ஒரு இடத்தில் பென்சில் வைத்தார்.

"வெளியேறிடறாங்கன்னு எழுதியிருக்கே. எங்கம்மா போறாங்க?"

"ஊருக்குத்தான் சார். கல்யாணம் ஆகும், போயிடுவாங்க."

"யார் சொன்னது?"

"டேட்டாவே சொல்லுது சார். எக்ஸிட் தேதி போட்டிருக்கு."

"தேதி போட்டிருக்கு. சரி. எங்கன்னு போட்டிருக்கா?"

எங்கே என்று போட்டிருக்கவில்லை. அவர் பென்சிலால் மேசையை இரண்டு தட்டுத் தட்டினார். மறுநாள் அறிக்கை போக வேண்டும். குழுவிலிருந்து இரண்டு முறை போன் வந்துவிட்டது. பத்துப் பேரையாவது தேடிப் பிடித்துக் கேட்டுவிட்டு எழுதலாமே என்றார். ஊருக்குப் போனவர்களை எந்த ஊரில் தேடுவது என்று நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஆனால் கையெழுத்துப் போட்டார். பின்னாளில் அந்தக் கையெழுத்தைப் பற்றி அவர் பேசியபோதெல்லாம், "நான் அன்னிக்கு உன் சிரிப்புக்குக் கையெழுத்துப் போட்டேன்" என்பார்.

குழுவுக்கு அறிக்கை பிடித்துப்போயிற்று. பிடித்ததோடு நிற்கவில்லை. அதை வைத்து ஒரு தீர்மான வரைவும் தயாரித்தார்கள். சில வருஷங்களாகச் சந்தா வராத கணக்குகளைத் தனிப் பட்டியலில் போட்டு மூடிவிடலாம், அதில் இருக்கும் தொகையை நிதியின் உபரியாக எடுத்துக்கொள்ளலாம். கேட்க ஆள் இல்லை என்று கணிப்பாளரே சொல்லிவிட்டாரே! ஒரு திங்கட்கிழமை மதியம் மூன்று மணிக்குக் கூட்டம். நானும் சீஃபும் போய் அட்டவணையை விளக்க வேண்டும்.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலை.

அப்போது ஈஜிபுராவில் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். கீழ் வீட்டில் தெய்வானை அக்கா. குடியாத்தம் பக்கத்துக்காரர், பொம்மனஹள்ளியில் கார்மெண்ட்ஸ் வேலை. கணவர் முனுசாமி பெயிண்டர். அக்கா என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது படியேறி வந்தார்.

"ஸ்டெல்லா, நீ பென்ஷன் ஆபீஸ்ல தானே வேல செய்யிற?"

"அதுல இல்லக்கா. அவங்களுக்குக் கணக்கு போட்டுக் குடுக்கற ஆபீஸ்."

"எதுவோ ஒண்ணு. எனக்கு இன்னா வரும்னு பாத்துச் சொல்லேன். பத்து வருஷம் ஆனா பென்ஷன் உண்டாமே. எனக்குப் பதினோரு வருஷம் ஆகுது."

ரேஷன் கார்டு உறைக்குள்ளிருந்து சந்தாக் கணக்கின் வருஷாந்தரச் சீட்டுகளை எடுத்து நீட்டினார். மொத்தம் ஆறு கணக்கு எண்கள். ஒன்றில் தெய்வானை. அடுத்ததில் தேவயானி. பிறகு தேவானம்மா. டி. வாணி. தெய்வநாயகி. கடைசியில் வெறும் தேவி. ஒன்றில் அப்பா பெயர், மற்றதில் கணவர் பெயர், அதுவும் முனிசாமப்பா என்று. பிறந்த வருஷம்கூட மூன்று விதமாக இருந்தது. ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு கம்பெனி.

அந்தக் கம்பெனிப் பெயர்கள் எல்லாமே எனக்கு மனப்பாடம். வாரக்கணக்கில் அந்தப் பட்டியலோடுதானே குடித்தனம் நடத்தினேன்.

"ஆறு ஃபாக்டரி மாறிட்டீங்களாக்கா?"

"நானா? நான் எங்கயும் போகலியே. பதினோரு வருஷமா அதே ஷெட்டு, ஜன்னலாண்ட அதே மெஷினு. ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா போர்டை மாத்துவாங்க. ராஜினாமான்னு ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்கிப்பாங்க, புது ஃபாரம் ஒண்ணு ரொப்புவாங்க. எழுதறவன் காதுல எப்பிடி வுழுதோ அப்பிடி எழுதுவான். அஞ்சு வருஷம் ஆயிட்டா கிராஜுவிட்டி குடுக்கணுமாமே, அதைத் தராம இருக்கத்தான்னு சொல்லிக்குவாங்க."

"நீங்க யாரும் கேக்கலையா?"

"ஒருத்தி கேட்டா. 'கெலசா பேக்கா, பேடவா'ன்னு திருப்பிக் கேட்டாங்க. வேல வேணுமா வேணாமான்னு கேட்டா இன்னான்னு சொல்லுவ?"

நான் கையில் பிடித்திருந்த ஈரத்துணி தரையில் விழுந்ததை அக்கா சொல்லித்தான் கவனித்தேன். என் அட்டவணையில் இந்தப் பெண் ஆறு பேர். ஆறு முறை வந்திருக்கிறாள், ஆறாவது தவிர மீதி ஐந்து முறையும் எதுவும் கேட்காமல் "வெளியேறி"யிருக்கிறாள். பத்து வருஷத்தைத் தாண்டிப் பென்ஷனுக்கு உரியவளாகி என் வீட்டுக் கீழேயே குடியிருக்கிறாள். அவளைத்தான் ஆறாக நறுக்கி, நிதிக்கு வந்த நல்ல காலம் என்று எழுதியிருக்கிறேன்.

சீட்டுகளை ஒரு நாள் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "வெச்சுக்கோ, பத்திரம்" என்றார்.

திங்கள் காலை எட்டு மணிக்கே அலுவலகம் போய்விட்டேன். ஆறு எண்களும் என் பட்டியலில் இருந்தன. இது ஒருத்தியின் கதையாக மட்டும் இருக்கக் கூடாதா என்றுகூட வேண்டிக்கொண்டேன். அதுவரை செய்யாத ஒன்றைச் செய்தேன். ஆட்களின் பெயரை விட்டுவிட்டு, கம்பெனிகளை முகவரிப்படி அடுக்கினேன். ஒரு கம்பெனியிலிருந்து வெள்ளிக்கிழமை ஒரு கூட்டம் மொத்தமாக வெளியேறியிருந்தது. திங்கட்கிழமை அதே முகவரியில், வேறு பெயரில், ஏறத்தாழ அதே அளவு கூட்டம் புதிதாகச் சேர்ந்திருந்தது. அப்படி ஒன்று, இரண்டு, மூன்று என்று கண்ணில் படப் படக் குறித்துக்கொண்டே போனேன். இரண்டு மாதம் என் முன்னாலேயே கிடந்த பட்டியல் அது.

சீஃப் வந்ததும் எல்லாவற்றையும் அவர் மேசையில் பரப்பினேன். அவர் நின்றுகொண்டே பார்த்தார். பிறகு நாற்காலியைத் துழாவி உட்கார்ந்தார். அவர் முகம் அப்படி வெளிறி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"எத்தனை பேர் இப்படி?"

"தெரியலை சார். இன்னிக்குள்ள எண்ணி முடிக்க முடியாது." பிறகு நான் சொன்னதை உங்களிடம் மறைக்கப் போவதில்லை. "அடிக்குறிப்பு ஒண்ணு போட்டுடலாமா சார்? 'சில உறுப்பினர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட கணக்குகள் வைத்திருக்கலாம்'னு."

அவர் நிமிர்ந்தார். "ஒரு மனுஷியை ஆறாக் கூறு போட்டு வெச்சுட்டு, கீழ பொடி எழுத்துல குறிப்பு எழுதுவியா?"

அவர் சத்தமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அதிகம் சுட்டது.

அறிக்கையைத் திரும்பப் பெறுவது என்று முடிவு செய்தார். எங்கள் அலுவலகத்துக்கு அது எவ்வளவு பெரிய அடி என்று இருவருக்கும் தெரியும். அடுத்த வருஷ வேலை இந்தக் குழுவை நம்பித்தான் இருந்தது. கிளம்பும்போது சொன்னார்: "முகவரிப் பக்கத்தை மட்டும் எடுத்துக்கோ. அந்தம்மா சீட்டு வேண்டாம். ஆள் பேர் வேண்டாம்."

சரி என்றேன். சீட்டுகள் என் கைப்பைக்குள்ளேயே இருந்தன. வெளியே எடுத்து வைக்க மறந்தேன் என்றுதான் பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கூட்டத்தில் தலைவர் நடுவில் இருந்தார், அரசாங்கத்துக்காரர். ஒரு பக்கம் தொழிலாளர் தரப்பு, மறுபக்கம் முதலாளிகள் தரப்பு. முதலாளிகள் தரப்பில் வந்தவர் சஃபாரி சூட் போட்டு, நெற்றியில் சந்தனக்கீற்றோடு, மென்மையாகத் தமிழ் பேசுகிறவர். சீஃப் எழுந்து, தான் கையெழுத்திட்ட அட்டவணை தவறு என்றும் அதைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகவும் ஆங்கிலத்தில் இரண்டே வரியில் சொன்னார். நான் முகவரிப் பக்கத்தை மேசைமேல் விரித்து விளக்கினேன்.

தலைவருக்குக் கோபம். "கம்பெனி பேர் மாறினா ஆள் மாறலைன்னு எப்படிச் சொல்றீங்க? பழைய ஆளுங்க போய், புது ஆளுங்க வந்திருக்கலாம் இல்லையா?"

"இருக்கலாம்," என்றார் சீஃப். "எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியும்னு எழுதிட்டேன். அதைத்தான் வாபஸ் வாங்கறேன்."

"அப்ப நிதிக்கு என்னதான் ஆகும்?"

"வர்றவங்க இளசா வர்றாங்க. அவங்க சந்தா இப்ப நமக்குப் பலம்தான். ஆனா வந்தவங்க இங்கேயே இருந்தா, இங்கேயேதான் வயசாகும். ஒருநாள் வந்து கேப்பாங்க. கேக்க மாட்டாங்கன்னு வெச்சு நாம சந்தோஷப்பட முடியாது."

சஃபாரி சூட்காரர் புன்னகைத்தார். "சார் பெரியவர். ஆனா இது யூகம்தானே? ஒரு ஆளைக் காட்ட முடியுமா?"

கைப்பையைத் திறந்து சீட்டுகளை மேசைமேல் வரிசையாக வைத்தேன். "இதோ சார். ஒரே ஆள். பதினோரு வருஷம். ஒரே மெஷின்."

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். தொழிலாளர் தரப்பிலிருந்த பெரியவர் ஒவ்வொரு பெயராக வாய்விட்டுப் படித்தார். படிக்கப் படிக்கத் தலைவரின் முகம் மாறியது. அப்போது சீஃபின் கை மேசைமேல் நீண்டு வந்தது. சீட்டுகளை மூடத்தான் வந்தது. அதற்குள் சஃபாரி சூட்காரர், இப்போதைய கம்பெனிப் பெயர் இருந்த கடைசிச் சீட்டை எடுத்துவிட்டார். "ஒரு நிமிஷம் மேடம்" என்று சொல்லி, பேனாவைத் திறந்து, எண்ணைத் தன் டைரியில் குறித்துக்கொண்டார். "பாவம்" என்றும் சொன்னார். சீட்டை இரண்டு கையாலும் மரியாதையாகத் திருப்பித் தந்தார்.

கணக்குகளை மூடும் தீர்மானம் அன்றே கைவிடப்பட்டது. படியிறங்கும்போது நான் மிதந்தேன். சீஃப் திரும்பிப் பார்க்காமல் முன்னால் நடந்தார். அறிக்கையைத் திரும்பப் பெற்ற வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை வேலைக்குக் கிளம்பியபோது தெய்வானை அக்கா வீட்டுக் கதவு திறந்திருந்தது. அந்த நேரத்தில் அவர் வீட்டில் இருக்க மாட்டார். வாசலில் உட்கார்ந்து வெறுமனே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உடம்பு சரியில்லையாக்கா?"

"நேத்து கணக்கு முடிச்சுட்டாங்க. ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டு, என் நம்பரைச் சொல்லி, 'இது நீதானே'ன்னு கேட்டாங்க. ஆமான்னேன். எங்கயும் போகலன்னு உங்கிட்ட சொன்னேன்ல. இப்ப போகச் சொல்லிட்டாங்க."

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். குழு, டைரி, பேனா என்று ஏதேதோ உளறினேன். அவர் முழுவதும் கேட்டார்.

"என் சீட்டை ஏன் காட்டுன?"

"உங்களுக்கு நல்லதுன்னுதான்..."

"என்னைக் கேட்டியா?"

உள்ளே எழுந்து போனார். திரும்பி வந்து கையை நீட்டினார். ஆறு கணக்குச் சீட்டுகளையும் கொடுத்தேன். சரிபார்த்து எண்ணிக்கொண்டு, "சரிங்க மேடம்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். அதுவரை என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டவர்.

அந்த சஃபாரி சூட்காரர்தான் சொன்னார் என்று என்னால் நிரூபிக்க முடியாது. அறையில் வேறு ஆட்களும் இருந்தார்கள். ஆனால் சீட்டை மேசையில் வைத்தது யார் என்பதில் சந்தேகமே இல்லை. அடிக்குறிப்பு போடலாம் என்றவள் நான். அதை மறைக்க, மூன்று மணிக்குள் பெரிய நியாயஸ்தியாகிவிட வேண்டும் என்று துடித்தவளும் நான்தான். தப்பைக் கண்டுபிடித்த வேகத்தில் செய்கிற இரண்டாவது தப்பைப் பற்றி யாரும் என்னை எச்சரித்ததில்லை. உங்களை நான் எச்சரிக்கிறேன்.

அலுவலகத்துக்குப் போய் சீஃபிடம் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் தேவலை என்றிருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இப்ப அவங்களுக்கு என்ன வேணும்னு கேட்டியா?" என்றார்.

கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்டேனே தவிர, அதைக் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் போய்க் கேட்டேன். தெய்வானை அக்கா வாசலிலேயே நின்று பதில் சொன்னார். "வேல நானே தேடிக்குவேன், நீங்க வந்து நிக்க வேணாம். அந்த ஆறையும் ஒண்ணாக்கிக் குடுக்க முடியுமா? அது எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்."

மூன்றாவது வாரம் மடிவாளா பக்கம் வேறொரு ஆலையில் சேர்ந்தார். சம்பளம் குறைவு, ஜன்னல் இல்லாத வரிசை. ஏழாவது எண் வந்தது.

நாங்கள் அறிக்கையைப் புதிதாக எழுத எட்டு மாதம் ஆயிற்று. முகவரி முகவரியாக ஆலை வாசல்களில் நின்றோம். சீஃபும் டையோடு வந்து நிற்பார், கன்னடத்திலும் தமிழிலும் கேட்பார், யார் பெயரையும் எழுத மாட்டார். உண்மையாகவே ஊருக்குப் போனவர்களும் இருந்தார்கள். அதனால் என் பழைய வாக்கியம் முழுப் பொய்யும் அல்ல, அதுதான் அதன் ஆபத்து. புதிய அட்டவணையில் "வெளியேறியோர்" என்ற தலைப்பை அவர் அடித்துவிட்டு, "எங்கே இருக்கிறார்கள் என்று நாம் அறியாதோர்" என்று எழுதினார். அது அட்டவணைக்கான மொழி இல்லை என்று குழு ஆட்சேபித்தது. அவர் மாற்றவில்லை. அடுத்த வருஷ வேலை எங்களுக்கு வரவில்லை. இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அவர்களில் ஒருவர் இதுவரை என்னோடு பேசுவதில்லை. இதையும் சேர்த்தே கேட்டுக்கொள்ளுங்கள்.

அக்காவின் ஆறு கணக்குகளை ஒன்றாக்க நான்கு வருஷம் பிடித்தது. போர்டு கழற்றப்பட்ட கம்பெனிக்குக் கையெழுத்துப் போட யார் இருக்கிறார்? ஒரு முதலாளி இறந்திருந்தார். இன்னொருவர், "அப்படி ஒரு கம்பெனியே நான் நடத்தலம்மா" என்றார், அந்தக் கம்பெனிப் பெயர் அச்சடித்த காலண்டர் அவர் தலைக்குமேல் தொங்கியது. தேவியும் தெய்வானையும் ஒரே ஆள் என்று நிரூபிக்க நோட்டரியிடம் மூன்று முறை போனோம். கவுண்டரில் பக்கத்துப் பக்கத்தில் நிற்போம், அவர் அதிகம் பேசமாட்டார். கடைசியில் ஐந்து கணக்கு சேர்ந்தது. ஒன்று போனது போனதுதான். ஆனாலும் ஏழாவது எண்ணோடு சேர்த்துப் பத்து வருஷம் தாண்டிவிட்டது.

சான்றிதழ் வந்த அன்று இருவருமாகப் பிரித்தோம். நான் பெயரைப் பார்த்துவிட்டுத் திகைத்துப் போனேன். தேவயானி முனிசாமப்பா என்று அச்சாகியிருந்தது. நான்கு வருஷம், அத்தனை பிரமாணப் பத்திரம், அதற்குப் பிறகும்! திருத்தத்துக்கு மறுபடி மனு எழுத வேண்டும் என்று கவுண்டர் பக்கம் திரும்பினேன்.

தெய்வானை அக்கா என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார். எழுத்துக்கூட்டி இன்னொரு முறை படித்தார்.

"விடுங்க மேடம்," என்றார். "ஆறு தப்பா இருந்தேன். இப்ப ஒரே ஒரு தப்புதானே."